ரப்பர் ஸ்டாம்பில் நிற்கும் லோகோ, சுவரில் நிற்கும் போஸ்டர்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு, காதுகுத்து பிளக்ஸ். எனக்குச் சோறு போடுவது இவைதான். இடையிடையே ரத்ததான முகாம், கண் தானம், ஆற்றுத் தூய்மை, வெள்ள நிவாரணம், அகதிகள் தினம் என்று பொதுக்காரிய வேலைகளும் வரும். 'இதுக்கெல்லாம் எப்படி அண்ணாச்சி டிசைன் பண்றது?' என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்பது அதிகமாகிவிட்டதால் எழுதிவிடுகிறேன். டிசைன் மென்பொருளான கோரல்டிராவில் எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்பதை யூடியூப் சொல்லித்தரும். எதை வரைவது, எதை விடுவது என்பது மட்டும் இங்கே.

முதலில் லோகோ

'உலகம், அமைதி, மனிதநேயம் மூணும் வரணும்' என்றுதான் பெரும்பாலும் கேட்டு வருவார்கள். நாமும் உடனே ஓர் உலக உருண்டை, அதைத் தாங்க இரண்டு கை, மேலே ஒரு புறா, ஓரத்தில் இலை என்று போட்டுக் கொடுத்துவிடலாம். பத்து நிமிஷ வேலை. ஆனால் அடுத்த தெருவில் இருக்கும் அறக்கட்டளையிடமும் அதே உருண்டையும் அதே கையும்தான் இருக்கும்.

நான் கேட்கிற முதல் கேள்வி, இந்த லோகோ கடைசியில் யார் கைக்குப் போகும் என்பது. ரசீது புத்தகத்தில் குத்தும் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர், ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுக்கிறவர், எனாமல் பெயிண்டில் சுவரில் எழுதுகிறவர், வாட்ஸ்அப்பில் வட்டத்துக்குள் ஒரு பொட்டாகப் பார்க்கிறவர். இத்தனை பேரையும் தாண்டி உருக்குலையாமல் வந்தால்தான் அது லோகோ. டவுனில் போர்டு எழுதும் அண்ணாச்சி ஒருவரிடம் எடுபிடியாக இருந்துதான் நான் தொழில் படித்தேன். சுவரில் நூலடித்து, கட்டம் போட்டு, ஒரு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அவர் எழுத முடியாத எதையும் இன்றைக்கும் நான் லோகோவாகக் கொடுப்பதில்லை. கிரேடியன்ட் (ஒரு நிறம் இன்னொன்றில் மெல்லக் கரைவது), நிழல், பளபளப்பு எல்லாம் அங்கேயே அடிபட்டுவிடும்.

உலகத்தில் பெயர் வாங்கிய சின்னங்களைப் பார்த்தாலும் இதுதான் கதை. உலக இயற்கை நிதியத்தின் பாண்டா 1961இல் வந்தது. லண்டன் விலங்குக்காட்சி சாலையில் அப்போது இருந்த சி-சி என்ற பாண்டாவைப் பார்த்து ஜெரால்டு வாட்டர்சன் வரைந்து பார்க்க, பீட்டர் ஸ்காட் முடித்துக் கொடுத்தார். கறுப்பு வெள்ளை விலங்காக இருந்தால் அச்சுச் செலவு மிச்சம் என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். வட்டத்துக்குள் மூன்று கோடு போட்ட அமைதிச் சின்னத்தை 1958இல் ஜெரால்டு ஹோல்டம் அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலத்துக்காக வரைந்தார். அதற்கு உரிமை எதுவும் கோரப்படவில்லை. சுண்ணாம்புக் கட்டியால் எவரும் வரையலாம் என்பதால்தான் அது உலகம் முழுக்கப் போனது.

நம்மூர் உதாரணம் வேண்டுமென்றால் தலைகீழ் சிவப்பு முக்கோணம். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக அறுபதுகளில் வந்தது. எழுத்துத் தெரியாதவருக்கும் புரிந்தது, எந்தச் சுவர் ஓவியருக்கும் கை வந்தது. டிசைன் என்று பார்த்தால் நம் நாட்டில் அதற்கு நிகரான பொதுச்சின்னம் குறைவு. ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில் வடக்கே கட்டாயக் கருத்தடை நடந்தபோது அதே முக்கோணத்தைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள். நிறுவனம் செய்கிற காரியம் சின்னத்தின் மேல் ஏறிவிடும். அதை டிசைனர் துடைக்க முடியாது.

சரி, உருண்டையும் புறாவும் இல்லாமல் எதை வரைவது? அந்த அமைப்பு வேலை செய்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கூந்தன்குளத்தில் பறவைகளுக்காக வேலை செய்கிறவர்களுக்கு லோகோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே குளிர்காலத்தில் வரித்தலை வாத்து வருகிறது. மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி நாங்குநேரித் தாலுகாவுக்கு வந்து சேருகிற பறவை. வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை. அந்தத் தலையையும் இரண்டு பட்டையையும் மட்டும் வரைந்தால் போதும், உலக உருண்டை செய்யாத வேலையை அது செய்துவிடும். எந்த நாட்டு எல்லையும் தடுக்காத ஒன்று நம் குளத்தில் இறங்குகிறது என்று அதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது?

இன்னொன்று கொஞ்சம் சிக்கலானது. தாமிரபரணியில் கோடைமேலழகியானில் ஆரம்பித்து திருவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டுகள். ஆற்றுக்காக ஓர் அமைப்பு வந்தால், வளைந்த ஒரு தடித்த கோடு, அதைக் குறுக்கே வெட்டும் எட்டுச் சின்னக் கோடு என்று எனக்குத் தோன்றும். திரையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் ஸ்டாம்பில் குத்தினால் எட்டும் ஒட்டிக்கொண்டு மைக் கறையாகிவிடும். இதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை அந்தக் கோட்டின் தடிமனுக்குக் குறையக் கூடாது. எட்டுக் கோட்டுக்கு அத்தனை வெள்ளை விட்டால் ஆற்றை நீளமாக்க வேண்டும், நீளமாக்கினால் வாட்ஸ்அப் வட்டத்துக்குள் அடங்காது. அப்போது ஆற்றைப் பாம்பு போல இரண்டு மடிப்பு மடித்து, மடிப்புக்கு நாலு கோடாகப் பிரிக்கலாம். எட்டை ஐந்தாகக் குறைத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஆற்றங்கரைக்காரர்கள் எண்ணிப் பார்ப்பார்கள், குறைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் முதலில் பென்சிலில் வரையுங்கள். அப்புறம் கறுப்பில் மட்டும். வண்ணம் கடைசி.

வண்ணம் பற்றி நம் மாவட்டத்துக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே நிறம் சும்மா நிறம் இல்லை. இரண்டு பட்டையாகப் போட்டால் கட்சிக்கொடி, மூன்று பட்டையாகப் போட்டால் வேறேதோ ஒரு கொடி. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் கட்டும் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது என்று அரசாங்கமே குழு போட்டு விசாரித்த பகுதி இது. சமத்துவம் பேசும் அமைப்பு ஒன்றுக்கு நல்ல மஞ்சளும் நல்ல சிவப்பும் சேர்த்துக் கொடுத்தால், அவர்கள் வேலை செய்கிற ஊரில் பாதித் தெரு 'இது அவங்க ஆளுக' என்று முடிவு கட்டிவிடும். இணையத்தில் கிடைக்கும் கலர் பாலெட் எதுவும் இதைச் சொல்லித்தராது. நிறத்தை முடிவு செய்யும் முன் அந்தந்த ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம், வேறு வேறு தெருக்காரர்களிடம், காட்டிக் கேளுங்கள். ஒரே நிறமும் வெள்ளையும் என்றால் பிரச்சினை பாதி தீரும், அச்சுச் செலவும் குறையும்.

தொடக் கூடாத சின்னங்கள்

ரத்ததான முகாம் என்றாலே எல்லாரும் ஒரு சிவப்புச் சிலுவைக் குறியைக் கொண்டுவந்து மேலே ஒட்டுகிறார்கள். அதைப் போடக் கூடாது. 1864இல் ஜெனீவா ஒப்பந்தத்தோடு வந்த சின்னம் அது, சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறத்தைத் திருப்பிப் போட்டது. சண்டை நடக்கிற இடத்தில் 'இவர்களைச் சுடாதே' என்பதுதான் அதன் பொருள். கண்ட கண்ட இடத்தில் போட்டால் சுடுகிறவன் அதை மதிக்க மாட்டான். இந்தியாவில் 1960ஆம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி அனுமதியில்லாமல் பயன்படுத்துவது குற்றம். சிவப்புப் பிறைக்கும் இதே காவல் உண்டு. முகாமை செஞ்சிலுவைச் சங்கமே நடத்தினால் அவர்களிடமே லோகோவை வாங்கி, அவர்கள் சொன்னபடி போடுங்கள். மற்ற முகாமுக்கு ஒரு ரத்தத் துளி போதும்.

ஐக்கிய நாடுகள் சபையின் சின்னமும் அப்படித்தான். வடதுருவத்தை நடுவில் வைத்த உலக வரைபடம், இரண்டு பக்கமும் ஒலிவக் கிளை. 1946 டிசம்பர் 7இல் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் 1950ஆம் வருஷத்துச் சின்னங்கள், பெயர்கள் தவறாகப் பயன்படுத்துதல் தடுப்புச் சட்டம் ஐநாவின் பெயருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பெயருக்கும் பாதுகாப்புத் தருகிறது. 'உலக சுகாதார தினம்' என்று எழுதலாம். அந்த நிறுவனத்தின் சின்னத்தை எடுத்து நம் சங்கத்தின் சின்னத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து நடத்துவது போலக் காட்டக் கூடாது. ஐநாவின் நீடித்த வளர்ச்சி இலக்குகள் என்று 2015இல் வந்த 17 வண்ணக் கட்டங்களை வைக்கலாம், அதற்கு ஐநா வெளியிட்டிருக்கும் விதிமுறையைப் படித்துவிட்டு, நிறத்தை மாற்றாமல் வையுங்கள். ஆனால் பதினேழையும் வரிசையாகப் போடுகிற ஆசையை விட்டுவிடுங்கள். முகாம் எதைப் பற்றியதோ அந்த ஒன்று போதும்.

போஸ்டர்

போஸ்டரைப் படிக்க யாரும் வருவதில்லை. வண்ணாரப்பேட்டைப் பாலத்தில் பஸ் ஊர்கிற நேரத்தில், ஜன்னல் ஓரத்தில் இருக்கிறவர் கண்ணில் படும், அவ்வளவுதான். அதற்குள் அவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

வாடிக்கையாளர் கொண்டுவரும் வாசகம் பெரும்பாலும் 'உதிரம் கொடுப்போம், உயிர் காப்போம், மனிதம் வளர்ப்போம், மாநிலம் போற்றுவோம்' என்று ஓடும். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே, எப்போது, யார் வரலாம், என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்பேன். கடைசியில் போஸ்டரில் நிற்பது இவ்வளவுதான்:

ரத்தம் கொடுக்க வாங்க
ஞாயிறு காலை 9 மணி முதல் 1 மணி வரை
18 முதல் 65 வயது, எடை 45 கிலோவும் அதற்கு மேலும்
காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்

நாலாவது வரி முக்கியம். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, மயங்கி விழுவதும் உண்டு. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்ற தகவலை நோட்டீஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையில் வைத்துப் படிக்கிற தாளில் பத்து வரி இருக்கலாம்.

அப்புறம் தலைகள். நெல்லை பிளக்ஸில் தலை எண்ணிக்கை ஒரு தனிக் கலை. தலைவர், செயலாளர், பொருளாளர், மண்டபம் கொடுத்தவர், மைக் செட் கொடுத்தவர். 'அவர் படம் இல்லேன்னா மண்டபம் கிடைக்காது அண்ணாச்சி' என்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. நான் செய்வது இதுதான்: முகாம் போஸ்டரில் அடியில் ஒரு வரியில் பெயர் மட்டும். எல்லாத் தலையும் வைத்து அழகாக இன்னொரு நன்றி அட்டை, வாட்ஸ்அப்புக்கு. அதைத்தான் அவர்களும் ஸ்டேட்டஸில் வைக்கப் போகிறார்கள்.

எழுத்து அளவுக்குப் போர்டு தொழிலில் ஒரு கணக்கு உண்டு, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். அது ஆங்கில எழுத்துக்கு. தமிழுக்கு நான் ஒன்றரை அங்குலம் வைக்கிறேன். ண, ன இரண்டுக்கும் சுழிதான் வித்தியாசம், தூரத்தில் அதுதான் முதலில் கரைகிறது. இடம் பற்றவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். வார்த்தையைக் குறையுங்கள், எழுத்தை நெருக்காதீர்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ஸ்டைல் பண்ணுவதும் தமிழுக்கு ஆகாது, கொம்பும் காலும் தனியாகப் பிரிந்து நிற்கும். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள், மேல்வரியின் 'ழு'வும் கீழ்வரியின் 'றீ'யும் முட்டிக்கொள்ளும்.

முக்த மலர், பலூ தம்பி, மீரா இனிமை, கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய எழுத்துருக்கள் எல்லாம் இலவசமாகவும் முறையான உரிமத்தோடும் கிடைக்கின்றன. திருட்டு எழுத்துரு வைத்து மனித உரிமை போஸ்டர் போட வேண்டாம். போட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி நின்றால், எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். அதெல்லாம் வம்பு என்றால் இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் இருக்கிறது, காசும் கிடையாது, தமிழும் ஒழுங்காக வரும். அச்சகத்தில் இன்னும் பழைய எழுத்துருக்களும் பழைய கோரலும் ஓடும், நீங்கள் யூனிகோடில் அனுப்பியது அங்கே கட்டம் கட்டமாகத் திறக்கும். அதனால் எழுத்தைக் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி பிடிஎஃப் அனுப்புங்கள். மாற்றும் முன் இன்னொருவரை விட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், போன் நம்பரை இலக்கம் இலக்கமாக. கர்வான பிறகு திருத்த முடியாது, மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள்.

யார் முகத்தைப் போடுவது

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் இங்கே பெய்த மழையை யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கரண்டில்லை, டவர் இல்லை, திருவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். வெளியூர் டிசைனர்கள் நல்ல மனசோடு போஸ்டர் போட்டார்கள். கழுத்தளவு தண்ணீரில் ஒரு பாட்டி, கேமராவைப் பார்த்து அழுகிற ஒரு குழந்தை, மேலே 'கைகொடுப்போம்'. எங்கே கொடுப்பது, என்ன கொடுப்பது என்று எதுவும் இல்லை.

அந்தப் பாட்டி நாளைக்கு வற்றல் வாங்கக் கடைக்குப் போகிறவர். அவரிடம் கேட்காமல் அவர் முகத்தைப் போடாதீர்கள். கேட்டாலும், உதவி வாங்க நிற்கிறவர் 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டார், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை போடுகிறது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் சேர்ந்து எழுதிய நடத்தை நெறியில் பத்தாவது நெறியே இதுதான். விளம்பரத்தில் பாதிக்கப்பட்டவர்களைக் கதியற்ற பொருட்களாகக் காட்டக் கூடாது, மதிப்புள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும். முகமே வேண்டாம் என்றால் வேலையைக் காட்டுங்கள்: சேறு அள்ளும் மண்வெட்டி, கைமாறும் தண்ணீர் கேன், வெயிலில் காயப் போட்ட பாடப்புத்தகங்கள்.

நிவாரண போஸ்டரில் என்ன வேண்டும் என்பதோடு என்ன வேண்டாம் என்பதையும் எழுதுங்கள். பாய், போர்வை, நாப்கின், கொசுவர்த்தி வேண்டும். பழைய துணி வேண்டாம். இதை எழுதாவிட்டால் லாரி லாரியாகப் பழைய துணிதான் வரும், தெருவோரம் குவிந்து கிடக்கும். தேதியையும் நேரத்தையும் பெரிதாகப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் போன மழைக்குப் போட்ட போஸ்டர் அடுத்த மழைக்கும் சுற்றும், அதில் இருக்கும் நம்பருக்கு ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. ஆகவே 'இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பலாம்' என்று ஒரு வரி சேருங்கள், படத்தை அனுப்பும்போது அதே விஷயத்தைக் கீழே எழுத்தாகவும் அனுப்புங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பலருடைய போன் வாசித்துக் காட்டாது.

தூரத்து விஷயங்களுக்கும் இதே வழிதான். ஜூன் 20 உலக அகதிகள் தினத்துக்குப் படகையும் முள்வேலியையும் தேடிப் போக வேண்டாம், நம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே வளர்ந்த பிள்ளைகளிடம் போஸ்டரில் என்ன இருக்கலாம் என்று கேளுங்கள். நீங்கள் நினைத்த படகு அதில் இருக்காது.

அச்சும் சுவரும்

ஆற்றைக் காப்போம் என்பதைப் பிவிசி பிளக்ஸில் அடித்து ஆற்றங்கரையில் கட்டுகிறவர்களை என்ன சொல்ல! கோரா துணியில் ஒரே நிறத்தில் ஸ்கிரீன் பிரின்ட் அடிக்கலாம், துவைத்து அடுத்த வருஷமும் கட்டலாம். தாள் போஸ்டர் நிறைய வேண்டுமென்றால் சிவகாசி ஆப்செட் கட்டுப்படியாகும், சின்ன எண்ணிக்கைக்கு ஊரிலேயே ஏ3 டிஜிட்டல். வெட்டும்போது ஓரம் போகும் என்பதால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு அனுப்புங்கள். நம் வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய், போஸ்டர் நீலமாகிவிடும், அதனால் தேதியையும் இடத்தையும் கறுப்பிலேயே வையுங்கள். சுவர்க்காரரிடம் கேட்டு ஒட்டுங்கள். பொது இடங்களை அலங்கோலம் செய்வதற்கு எதிரான 1959ஆம் வருஷத்துச் சட்டம் நல்ல காரியத்துக்கு விலக்கு எதுவும் தருவதில்லை.

அச்சுக்குப் போகும் முன் ஒரு சோதனை. சின்னதாகப் பிரின்ட் எடுத்து டீக்கடை மாஸ்டரிடம் ஒரு நொடி காட்டிவிட்டு மடித்துக்கொள்ளுங்கள். 'எங்கன, எப்ப, என்ன செய்யணும்னு சொல்லுது?' என்று கேளுங்கள். 'நல்லாருக்கு தம்பி, கலரா இருக்கு' என்று சொன்னால் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

கூலி பற்றி இரண்டு வார்த்தை. பொதுக்காரியம் என்றால் இலவசம் என்று எதிர்பார்ப்பார்கள். செய்யலாம், ஆனால் முழுத் தொகைக்கு பில் போட்டு, கீழே 'நன்கொடையாகக் கழித்தது' என்று எழுதிக் கொடுங்கள். திருத்தம் எத்தனை முறை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அப்படிக் கொடுத்தால் ராத்திரி பதினொரு மணிக்கு 'அந்தத் தலையைக் கொஞ்சம் பெருசாக்குங்க அண்ணாச்சி' என்று போன் வருவது குறைகிறது.

வேலை முடிந்ததும் லோகோவை வண்ணம், கறுப்பு, வெள்ளை என்று மூன்று விதமாக எஸ்விஜி, பிஎன்ஜி என்ற இரண்டு கோப்பு வகையிலும் கொடுங்கள். சுவர் எழுதுகிறவருக்குக் கட்டம் போட்ட ஒரு தாள் தனியாக. முகாம் முடிந்த மறுநாள் போஸ்டரைக் கிழித்து எடுக்க ஓர் ஆளுக்கான கூலியை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.